குடியும் குருதியும்

குடிகாரன் ஒருவனின் மகன் முதன்முறையாகக் குடித்துவிட்டு ஒழுங்கையிலே தள்ளாடி வருவதைக் கண்டால் அயலார் வியப்படைவதில்லை. "தேப்பன் குடிச்சவன்தானே, இரத்தத்திலை ஊறினது எங்கை போகும்?" என்று சொல்லிவிட்டுத் தத்தம் அலுவலைக் கவனிக்கப் போய்விடுவர். கலியாணப் பேச்சு நடைபெறும் வீடுகளிலும் இதே வாக்கியம் சற்றுத் தணிந்த குரலிலே பேசப்படுவதுண்டு. பையன் உழைப்பாளி, ஒரு துளியேனும் அருந்தியறியாதவன் என்று தரகர் எவ்வளவுதான் எடுத்துரைத்தாலும், "பரம்பரை சரியில்லை" என்ற ஒரு சொல்லோடு அப்பேச்சு முடிந்துவிடும். நம் மொழியிலே குடி என்னும் சொல்லுக்கு மது அருந்துதல் என்றும் பொருளுண்டு, குலம் என்றும் பொருளுண்டு. இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சிட்டுவிடும் வழக்கம் நம்மவருக்கு மாத்திரம் உரியதன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்தியரும் நாவலாசிரியரும் நீதிபதிகளும் சட்டமியற்றுவோரும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இதனையே செய்துவந்துள்ளனர்.

மதுவுக்கு அடிமையாகும் இயல்பு பரம்பரையாக வருவதா என்னும் வினாவுக்கு இன்றைய பிறப்புரிமையியல் தரும் விடை, "ஓரளவிற்கு ஆம்" என்பதாகும். இவ்விடையை மறுப்பதற்கு நியாயமில்லை. விஞ்ஞானம் நிறுவிய உண்மையொன்று நமது விருப்பத்துக்கு ஒவ்வாதது என்பதற்காக அதனைப் புறக்கணித்தல் முற்போக்காளருக்கு அழகன்று. ஆனால் அந்த "ஓரளவு" எவ்வளவு, அது எதனைக் குறிக்கின்றது, அதனைக் கருவியாகக் கொண்டு யார் யாருக்கு என்ன செய்தனர் என்பனவற்றை அறியாமல் அவ்விடையை ஏற்பதும் ஆபத்தானதே. ஆகவே, அக்கருத்தின் வரலாற்றை முதலில் நோக்குவோம்.

1849ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு வைத்தியரான மக்னஸ் ஹுஸ் என்பவர், நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தோரின் நரம்புகளிலும் உறுப்புகளிலும் ஏற்படும் கேடுகளைத் தொகுத்தெழுதி, அவற்றுக்கு ஒரு பொதுவான நோய்ப்பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் பாவமென்றும் ஒழுக்கக்கேடென்றும் பிரசங்கிகளாற் கண்டிக்கப்பட்டு வந்த ஒன்று வைத்திய நூலில் இடம்பெற்றமை முன்னேற்றமே. அக்காலத்திலே ஐரோப்பிய நகரங்கள் ஆலைகளால் நிரம்பிக்கொண்டிருந்தன. தானியத்திலும் உருளைக்கிழங்கிலுமிருந்து வடிக்கப்பட்ட மலிவான சாராயம், இருண்ட அறைகளிலே நெருங்கிவாழ்ந்த தொழிலாளரின் ஒரே ஆறுதலாயிருந்தது. இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமைபற்றி 1845இல் நூலெழுதிய எங்கெல்ஸ், மான்செஸ்டர் நகரத்துக் குடிப்பழக்கத்தைத் தனிமனிதரின் குற்றமாகக் கருதவில்லை. அத்தகைய வாழ்நிலை அத்தகைய விளைவையே தரும் என்பது அவர் முடிபு.

ஆனால், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் வேறொரு விளக்கம் தோன்றியது. பிரான்சில் மனநோய் வைத்தியராகக் கடமையாற்றிய பெனடிக்ட் மொரெல் 1857இல் மனித இனத்தின் சீர்கேடுபற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். குடும்பமொன்று நான்கு தலைமுறைகளில் அழிந்துபோகும் என்பது அவர் காட்டிய படிமுறை. முதல் தலைமுறையிலே ஒழுக்கக்கேடும் மிதமிஞ்சிய குடியும் தோன்றும். அடுத்ததில் அக்குடி பரம்பரை வெறியாக மாறும். மூன்றாவதிலே மனச்சோர்வும் சித்தப்பிரமையும் தலைகாட்டும். நான்காவதிலே பிள்ளைகள் அறிவு வளராதவராகவும் மலடராகவும் பிறக்க, அவ்வமிசம் மறைந்துபோகும். வறுமையையும் நச்சுக்காற்றையும் மொரெல் சீர்கேட்டின் காரணங்களாகக் கூறினார் என்பதை இங்கே குறிப்பிடல் நியாயமாகும். எனினும் அவருடைய நூலை எடுத்தாண்டோர் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "கெட்ட இரத்தம்" என்ற ஒன்றை மாத்திரம் பற்றிக்கொண்டனர். வீட்டைத் திருத்தவும் கூலியை உயர்த்தவும் பணம் வேண்டும். இரத்தத்தைப் பழிப்பதற்குச் செலவேதுமில்லை.

இக்கருத்தை உலகெங்கும் பரப்பியதில் வைத்திய நூல்களைவிட இலக்கியத்துக்கே கூடிய பங்குண்டு. 1871 முதல் 1893 வரை எமிலி சோலா எழுதிய இருபது நாவல்களும் ஒரே குடும்பத்தின் கிளைகளிலே பரம்பரையின் செயற்பாட்டைக் காட்ட முயன்றவை. அவற்றுள் 1877இல் நூலாக வெளிவந்த 'லசொம்வார்', பாரிஸ் நகரத்துச் சலவைப் பெண்ணொருத்தியின் வீழ்ச்சியைக் கூறுவது. அதனை எழுதுவதற்காகச் சோலா, மக்னன் என்ற வைத்தியர் மதுவின் கேடுகள்பற்றி எழுதிய நூலைக் கவனமாகக் கற்றார். கதாநாயகி ஜெர்வேசின் ஊனமுற்ற காலுக்கும், பின்னைய நாவல்களிலே அவளுடைய மக்களிடம் தோன்றும் வெறிக்கும் முன்னோரின் குடியே வித்தாகக் காட்டப்படுகின்றது.

ஆயினும் பெருங்கலைஞனொருவன் தான் நம்பும் கொள்கையைவிடத் தான் கண்ட வாழ்வுக்கே உண்மையாயிருப்பான் என்பதற்கு இந்நாவல் சிறந்த சான்றாகும். ஜெர்வேசின் கணவன் கூப்போ கூரை வேலைக்காரன். அவனுடைய தந்தையும் அதே தொழிலைச் செய்தவன். குடிபோதையில் கூரையிலிருந்து விழுந்து இறந்தவன். "இரத்தத்தில் ஊறியது" என்னும் கொள்கைப்படி மகனும் தொடக்கத்திலேயே குடிகாரனாயிருத்தல் வேண்டும். ஆனால் கூப்போ எவ்வாறு அறிமுகமாகிறான்? தந்தையின் சாவை நினைந்து சாராயத்தைத் தொட மறுப்பவனாக, ஒழுங்காக உழைப்பவனாக, மனைவியுடன் சேர்ந்து பணம் மிச்சம் பிடிப்பவனாக! ஒருநாள் அவனும் கூரையிலிருந்து விழுகிறான், அன்று குடியாமலேயே. கால் முறிந்து மாதக்கணக்கிற் கிடக்கிறான். சேமிப்புக் கரைகிறது. வேலைக்கு மீளும் துணிவும் விருப்பமும் அவனை விட்டு அகல்கின்றன. அதன் பின்னரே அவன் சாராயக் கடைக்குள் நுழைகிறான். அவனைத் தொடர்ந்து அவளும் செல்கிறாள். வேலைத்தலத்தில் நேரும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு வழங்கவேண்டும் என்னும் சட்டம் பிரான்சில் 1898இலேதான் நிறைவேறியது. நாவல் வெளிவந்து இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தபின் வந்த அச்சட்டம் முன்னரே இருந்திருப்பின் கூப்போவின் கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம். வமிசவிருட்சத்தை வரைந்த சோலாவைவிட, கூரையின் விளிம்பை வரைந்த சோலா ஆழமாகக் கண்டவர்.

சோலாவின் நாவல் வெளியான அதே 1877இல் அமெரிக்காவிலும் ஒரு நூல் வெளிவந்தது. நியூயோர்க் மாநிலத்துச் சிறைகளைப் பார்வையிட்ட ரிச்சர்ட் டக்டேல் என்பார், ஒரே சிறையிலே ஆறு பேர் உறவினராக இருக்கக் கண்டு அவர்களுடைய சந்ததியைத் தேடத் தொடங்கினார். குற்றமும் வறுமையும் குடியும் பல தலைமுறைகளாகத் தொடர்ந்த அக்கூட்டத்துக்கு 'ஜூக்ஸ்' என்று அவரே ஒரு புனைபெயரிட்டார். சூழலைத் திருத்தினால் இம்மக்களும் திருந்துவர் என்பதை டக்டேல் வலியுறுத்தியே எழுதினார். எனினும் அவருக்குப் பின் வந்தோர் கைகளிலே 'ஜூக்ஸ்' என்னும் பெயர், பிறப்பிலேயே கெட்ட குடும்பத்துக்கு உவமையாக வழங்கலாயிற்று. மொரெலுக்கு நேர்ந்ததே டக்டேலுக்கும் நேர்ந்தது.

இதற்கிடையிலே உயிரியல் விஞ்ஞானம் வளர்ந்தது. ஒருவன் தன் வாழ்நாளில் ஈட்டிக்கொள்ளும் உடல் மாற்றங்கள் அவன் சந்ததிக்குச் செல்வதில்லை என்பதை ஜேர்மனியரான வைஸ்மன் வலியுறுத்தினார். மெண்டல் 1866இல் வெளியிட்ட பரம்பரை விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. தந்தையின் குடி மகனின் குருதியைக் கெடுக்கும் என்ற மொரெலின் கொள்கை இத்துடன் அடிசாய்ந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. குடியினாற் குருதி கெடுவதில்லையாயின், கெட்ட குருதியே குடிக்குக் காரணம் என்று வாதம் தலைகீழாகத் திருப்பப்பட்டது.

1910இலே லண்டன் நகரிற் கார்ல் பியர்சனும் எதல் எல்டேட்டனும் எடின்பரோ, மான்செஸ்டர்ப் பள்ளிச் சிறுவர்பற்றிய விபரங்களை ஆராய்ந்து, குடிகாரரின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட உடலாலோ அறிவாலோ குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்தவரல்லர் என்று வெளியிட்டனர். மதுவிலக்கு இயக்கத்தினர் கொதித்தெழுந்தனர். ஏழைகள் வாழும் பகுதியொன்றின் கணக்கைக் கொண்டு பொதுமுடிபு கூறலாகாது என்று பொருளியலறிஞர் கெயின்ஸ் பியர்சனுடன் பகிரங்கமாக வாதிட்டார். இங்கே நோக்கற்பாலது யாதெனில், பியர்சன் இம்முடிபைக் கொண்டு ஏழைகளுக்காகப் பரிந்து பேசவில்லை என்பதே. இனமேம்பாட்டுக் கொள்கையின் தலைவர்களுள் ஒருவரான அவர், குடி கெட்ட வமிசத்தின் அறிகுறியே தவிர அதன் காரணமன்று என்று கருதினார். முன்னைய கொள்கையிலே குடித்தவன் தன் வமிசத்தைக் கெடுத்தான்; புதிய கொள்கையிலே வமிசம் அவனைக் கெடுத்தது. இரண்டிலும் சாராயம் காய்ச்சி விற்றவனுக்கு இடமேயில்லை.

கொள்கைகள் ஏட்டிலேயே தங்கிவிடுவதில்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 1907இல் முதலாவது கட்டாய மலடாக்கற் சட்டத்தை நிறைவேற்றியது. 1922இலே ஹரி லோக்லின் என்பவர் எல்லா மாநிலங்களும் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டமொன்றை வெளியிட்டார். அதிலே மலடாக்கப்பட வேண்டியோர் வரிசையிலே குடிவெறியரும் இடம்பெற்றனர். 1927இல் அந்நாட்டு உயர்மன்று வேர்ஜீனியா மாநிலத்தின் மலடாக்கற் சட்டம் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தது.

ஹிட்லரின் ஆட்சி இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டது. 1933 யூலை 14ஆம் நாள் நிறைவேற்றப்பட்டு, 1934 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சட்டம், பரம்பரை நோய்கள் எனத் தான் கருதிய எட்டினை வரிசைப்படுத்தியது. அவ்வரிசை முடிந்தபின், கடுமையான குடிநோயால் வருந்துவோரையும் மலடாக்கலாம் என்று தனியே ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. குடிநோய் பரம்பரை நோய் என்று நிறுவப்பட்டிருந்தால் அதனை எட்டோடு ஒன்பதாக எண்ணியிருப்பர். நிறுவ முடியாததை நிறுவாமலே தண்டிப்பதற்குத் தனி வாசகம் தேவைப்பட்டது. நீதிபதி ஒருவரும் வைத்தியர் இருவரும் கொண்ட 'பரம்பரைச் சுகாதார நீதிமன்றங்கள்' இவ்வழக்குகளை விசாரித்தன. அச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் மலடாக்கப்பட்டனர். அடுத்த வீட்டாரும் வேலைத்தலத்தாரும் நலன்புரி உத்தியோகத்தரும் கூறிய சொற்களும் அந்நீதிமன்றங்களிலே சான்றாயின. "அவன் குடும்பமே அப்படித்தான்" என்று ஒழுங்கையிலே சொல்லப்படும் வார்த்தை, அரச முத்திரை பெற்றால் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பரம்பரை என்ற பேச்சையே அறிஞர்கள் கூச்சத்தோடு தவிர்த்தனர். நியூயோர்க்கிலே ஆன் றோ என்னும் உளவியலறிஞர், குடிகாரப் பெற்றோருக்குப் பிறந்து பிறர் வீடுகளிலே வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து, வளர்ந்தபின் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குடிக்கு இரையாகவில்லை என்று 1940களின் நடுப்பகுதியில் எழுதினார். ஆராயப்பட்டோர் தொகை சிறிதாகையால் இதுவும் முடிந்த முடிபன்று.

வினா மீண்டும் எழுந்தது டென்மார்க்கிலேயாகும். பிள்ளை பெற்றோரிடமிருந்து குருதியையும் பெறுகிறது, வளர்ப்பையும் பெறுகிறது. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? பிறந்த சில வாரங்களிலே பிறருக்குத் தத்துக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்வதே அதற்கு வழி. டென்மார்க் அரசு தத்தெடுப்புப் பதிவேடுகளை ஒழுங்காகப் பேணிவந்தமையால் அமெரிக்க வைத்தியர் டொனல்ட் குட்வினும் அவருடைய சகாக்களும் அங்கே சென்றனர். பெற்றோரில் ஒருவர் குடிநோயாளராயிருந்த 55 ஆண்மக்களையும், அவ்வாறல்லாத 78 பேரையும் ஒப்பிட்டு, 1973இல் முடிபை வெளியிட்டனர். முதற் பிரிவினருள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் குடிநோயாளராயினர். இரண்டாம் பிரிவினருள் நூற்றுக்கு ஐந்து பேர். ஏறத்தாழ நான்கு மடங்கு! பெற்ற தந்தையின் முகத்தையே கண்டறியாத பிள்ளையிடமும் அவனிடமிருந்து ஏதோவொன்று வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இதன்பின் எளிதில் மறுக்க இயலாது. அடுத்து வந்த சுவீடன் நாட்டு ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. இரட்டையர்பற்றியும் தத்துப் பிள்ளைகள்பற்றியும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை 2015இல் ஒருங்குசேர்த்து நோக்கியோர், மக்களிடையே குடிநோய் தொடர்பாகக் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரை சார்ந்தது என்று மதிப்பிட்டுள்ளனர்.

இங்கே இரு செய்திகளை மறந்துவிடலாகாது. ஒன்று, குட்வினின் கணக்கை மறுபுறமிருந்தும் வாசிக்கலாம் என்பது. குடிநோயாளருக்குப் பிறந்த பிள்ளைகளிலே நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் குடிநோயாளராகவில்லை. கலியாணத் தரகரிடம் "பரம்பரை" என்று சொல்லி மறுப்பவர், தம் கணக்கிலே ஐவரில் நால்வருக்கு அநீதி இழைக்கின்றார். மற்றது, "பாதி" என்பதன் பொருள். ஒருவன் குடிக்கும் கிண்ணத்திலே பாதி குருதியாலும் பாதி சூழலாலும் நிரம்பியது என்று அதற்குப் பொருளன்று. குறித்ததொரு சமுதாயத்தில், குறித்ததொரு காலத்தில், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை அளக்கும் அளவை அது. சமுதாயம் மாறினால் அவ்வளவும் மாறும். பின்லாந்து நாட்டிலே இளம்பருவத்து இரட்டையரை ஆராய்ந்தவர்கள், நகரப் பகுதிகளிலே பரம்பரையின் செல்வாக்குக் கூடியும் நாட்டுப்புறங்களிலே குறைந்தும் இருக்கக் கண்டு 2001இல் வெளியிட்டனர். மதுவே கிடைக்காத ஊரிலே எவருடைய பரம்பரையும் வெளிப்படப் போவதில்லை.

மொரெல் கண்ட நலிந்த பிள்ளைகள் பொய்யா என்று வினவலாம். பொய்யல்ல, ஆனால் அவருடைய காலத்தில் வேறுபடுத்தி அறியப்படாத ஒரு காரணம் இருந்தது. 1968இல் பிரான்சின் நான்ற் நகரத்து வைத்தியர் போல் லெமுவான், குடிநோயுற்ற பெற்றோருக்குப் பிறந்த 127 பிள்ளைகளிடம் பொதுவான உடற்குறைகளைக் கண்டு எழுதினார். 1973இல் அமெரிக்க வைத்தியர்களும் அதே குறைகளை விபரித்தனர். கருவுற்ற காலத்திலே தாய் அருந்தும் மது கருவிலிருக்கும் பிள்ளையைத் தாக்குகின்றது. இது பிறவிக் கேடு, பரம்பரைக் கேடன்று. தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களிலே கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே தொழிலாளருக்கு அளந்து கொடுக்கும் முறை தலைமுறை தலைமுறையாக நிலவியது. அப்பகுதியிலே இக்கேட்டுடன் பிறக்கும் பிள்ளைகளின் தொகை உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அதனைக் குருதியின் குற்றமெனக் கூறுபவர் சம்பளப் பட்டியலைப் பார்க்க மறுப்பவரே.

பரம்பரை உடலிலே எவ்வாறு செயற்படுகின்றது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிழக்காசியாவிலிருந்து கிடைக்கின்றது. அங்குள்ள மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் சிறிதளவு மது அருந்தினாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டலுறுவர். அருந்திய மதுவை ஈரல் முதலில் அசற்றல்டிகைட்டு என்னும் நஞ்சாக மாற்றுகின்றது. பின்னர் வேறொரு நொதியம் அந்நஞ்சை அழிக்கின்றது. இவ்விரண்டாம் நொதியத்தின் புரதச் சங்கிலியிலே ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதே முகச் சிவப்புக்குக் காரணம் என்பது 1984இல் அறியப்பட்டது. டென்மார்க்கிலே 1948இல் குடிநோய்க்கு மருந்தாக அறிமுகமான டைசல்பிராமும் இதே நொதியத்தையே தடுக்கின்றது. சிலருக்கு மாத்திரையால் வரும் காவல் வேறு சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கின்றது.

எனினும் இக்காவலும் சமூகத்தின் நெருக்குதலுக்கு முன் தளர்ந்துபோயிற்று. மாறிய அலகின் ஒரு பிரதியை மாத்திரம் உடையோர் யப்பானியக் குடிநோயாளருள் எத்தனை வீதம் என்பதை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டனர். 1979இல் அவர்கள் நூற்றுக்கு 2.5 பேர், 1986இல் 8 பேர், 1992இல் 13 பேர். பதின்மூன்று ஆண்டுகளிலே ஒரு நாட்டின் குருதி மாறிவிடாது. மாறியது யப்பானியரின் வாழ்வே. வேலை முடிந்தபின் மேலதிகாரியுடனும் சகாக்களுடனும் அமர்ந்து அருந்துவது உத்தியோகத்தின் பகுதியேயாகிவிட்ட உலகிலே, உடல் "வேண்டாம்" என்று சொன்னபோதும் மனிதன் அருந்தினான். அத்தகையோர் தொடர்ந்து குடிப்பின் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஆளாவர் என்பதும் அறியப்பட்டுள்ளது.

இதற்கு நேர்மாறான கட்டுக்கதையொன்று அமெரிக்கச் சுதேச மக்களைப்பற்றி நிலவிவருகின்றது. அம்மக்களின் உடல் மதுவைத் தாங்காது, அவர்கள் பிறவியிலேயே குடிக்கு அடிமையாகத்தக்கவர் என்று, அவர்களுடைய நிலத்தைப் பறித்தவர்களே சொல்லிவந்தனர். 1832 முதல் 1953 வரை அவர்களுக்கு மது விற்பதை அமெரிக்கச் சட்டம் தடைசெய்திருந்தது. அவர்களின் உடல் மதுவை மெதுவாகவே எரிக்கின்றது என்று 1971இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வொன்று கூறிற்று. 1976இல் வெளியான ஆய்வோ வெள்ளையருக்கும் அவர்களுக்கும் அவ்விடயத்தில் வேறுபாடில்லை என்று காட்டியது. 2016இல் வெளியிடப்பட்ட பெருங்கணக்கெடுப்பு ஆய்வொன்றின்படி, கடந்த ஒரு மாதத்திலே மதுவைத் தொடாதவர்கள் அச்சுதேச மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர். வெள்ளையருள் நாற்பத்துமூன்று பேர். அம்மக்களுட் பலர் குடியால் நலிந்துள்ளனர் என்பது உண்மை. நிலமும் மொழியும் பிள்ளைகளும் பறிக்கப்பட்ட மக்களின் துயரை ஈரலிலே தேடிய விஞ்ஞானம் எவ்வகையது என்பதே வினா.

குடிக்கென்று தனியொரு பரம்பரை அலகு உண்டென்னும் ஆசையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1990இலே அமெரிக்க ஆய்வாளர் சிலர், மூளையின் டோபமின் தொடர்பான அலகொன்றின் ஒரு வகை, தாம் ஆராய்ந்த குடிநோயாளருள் நூற்றுக்கு 69 பேரிடமும் மற்றவருள் 20 பேரிடமும் காணப்பட்டதாக அறிவித்தனர். பத்திரிகைகள் "குடி அலகு கண்டுபிடிக்கப்பட்டது" என்று முழங்கின. அவர்கள் ஆராய்ந்தது எழுபது பேரின் மூளைகளையே. அதே ஆண்டு முடிவதற்குள் வேறொரு குழுவினர் அம்முடிபைத் தம்மால் மீளக் காண இயலவில்லை என்று எழுதினர். பன்னிரண்டு இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்களைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, ஒருவர் அருந்தும் மதுவின் அளவோடு தொடர்புடைய ஏறத்தாழ நூறு இடங்களை மனித மரபிலே கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. மாறாக, மார்க் சக்கிற் என்னும் வைத்தியர் சான் டியாகோவிலே குடிநோயாளரின் மைந்தர்களை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்து கண்ட உண்மை எளிமையானது: இளமையிலே எவ்வளவு குடித்தாலும் போதை எளிதில் ஏறாதவர்களே பிற்காலத்திற் கூடுதலாகக் குடிநோய்க்கு ஆளாயினர். நண்பர்கள் "இவன் தாங்குவான்" என்று மெச்சுகிறார்களே, அவனே அஞ்சவேண்டியவன். பரம்பரையாக வருவது சாராயத்தின்மேல் ஆசையன்று. எச்சரிக்கை மணி மெதுவாக ஒலிக்கும் உடலே.

இறுதியாக, மீண்டும் டென்மார்க்குக்குச் செல்வோம். குட்வினின் ஆய்வுக்கு ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், 1917இல், முதலாம் உலக யுத்தத்தின் நெருக்கடியிலே அந்நாட்டு அரசு வடிசாராயத்தின் மீது கடும் வரி விதித்தது. விலை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மது நுகர்வு முக்காற் பங்கு குறைந்தது. குடிவெறிச் சன்னி கண்டோர் தொகை பதின்மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது. அதே மக்கள், அதே குருதி, அதே வமிசம். பரம்பரை உண்டு என்பதை நிறுவிய நாடே, பரம்பரை விதியன்று என்பதையும் அதற்கு முன்னரே நிறுவிவிட்டது. இவ்விரு உண்மைகளும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. விதை நிலத்திலே கிடக்கலாம்; நீர் பாய்ச்சுபவன் யார் என்பதைக் கேளாமல் விதையை மாத்திரம் பழிப்பது நேர்மையன்று.

எனவே, குடிநோயாளர் ஒருவரின் மகனுக்கோ மகளுக்கோ நாம் சொல்லவேண்டியது யாது? "உன் தலையெழுத்து இது" என்பதன்று. "மற்றவர்கள் விளையாட்டாக எடுக்கும் முதற் கிண்ணத்தை நீ எடுக்குமுன் இருமுறை எண்ணிப்பார், உன் உடல் உன்னைத் தக்க வேளையில் எச்சரியாமலிருக்கக் கூடும்" என்பதே. நெஞ்சுவலியோ நீரிழிவோ உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு நாம் வெட்கமின்றிச் சொல்லும் புத்திமதி போன்றதே இதுவும். அறிவு காவலாகும்போது அது விஞ்ஞானம். அதே அறிவு வாசலிலே மாட்டிய இழிபெயராகும்போது அது பழைய சாதிப்புத்தியின் புதிய சட்டை. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் நோயை மேனாட்டாரிடமிருந்து நாம் கற்கவேண்டிய தேவையில்லை. அது நம்மிடையே போதிய அளவு உண்டு.

சமுதாயத்துக்குச் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. மதுவின் விலையையும், கடைகளின் தொகையையும், விளம்பரத்தையும், வேலைநேரத்தையும், கூலியையும், விபத்துக்கான நட்டஈட்டையும் தீர்மானிப்பவை பரம்பரை அலகுகள் அல்ல. அவற்றைத் தீர்மானிப்போர் மனிதர். ஆகவே அவை மனிதராலே மாற்றத்தக்கவை. கூப்போ கூரையிலிருந்து விழுந்த அன்று அவனைத் தாங்க ஒரு கை இருந்திருப்பின், அவனுடைய தந்தை யார் என்பதைப்பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.